நெல் ஸ்ரோருக்குள் ஸ்ரூடியோ: வருபவர்கள் எல்லாரும் கேட்கும் கேள்விகள்

கிளிநொச்சி டவுனில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே, இரண்டு அறைக்குள் ஆறு வருடம் இருந்தோம். இப்போது ஒரு பழைய நெல் மில்லின் ஸ்ரோருக்குள் இருக்கிறோம். வேலை பழைய வேலைதான்: வீடியோ, குரல்பதிவு, ரீசேட்டுக்கும் பனருக்கும் ஸ்கிரீன் பிரின்ற், மேடைக்கான காட்சி வேலை. கதவைத் திறந்து வருபவர்களில் பாதிப்பேர் வேலை தர வருகிறார்கள். மற்றப் பாதி, "நாங்களும் இப்படி ஒரு இடம் எடுக்கலாமோ?" என்று பார்க்க வருகிறார்கள். இரண்டு பகுதியாருக்கும் சேர்த்து எழுதியது இது.

இப்போது எங்கே இருக்கிறீர்கள்? எப்படி வருவது?

ஏ9 றோட்டில், கரடிப்போக்குச் சந்திக்கும் பரந்தனுக்கும் இடையில், ஒரு உள்றோட்டில். யாழ்ப்பாணப் பக்கம் போகும் எந்த பஸ்ஸிலும் ஏறலாம். கண்டக்டரிடம் "ஸ்ரூடியோ" என்றால் விளங்காது, "மில்லடி" என்று சொல்லுங்கள். "எந்த மில்லடி?" என்று திருப்பிக் கேட்பார், ஏனென்றால் அந்தத் துண்டில் மில்லுக்குக் குறைவில்லை. கரடிப்போக்கில் இறங்கி எங்களுக்கு ஒரு அழைப்பு எடுத்தால் மோட்டார் சைக்கிளில் யாராவது வருவோம்.

டவுனை விட்டு ஏன் போனீர்கள்?

மத்தளத்தால்.

முள்ளியவளைப் பக்கத்திலிருந்து ஒரு அண்ணாவியார் (கூத்துப் பழக்கும் ஆசான்) தன் ஆட்களோடு கோவலன் கூத்துப் பாட்டுகளைப் பதிய வந்திருந்தார். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. ஏழு பேர். மத்தளக்காரர் இரண்டாவது அடி அடித்ததும் கீழே மருந்துக்கடை அண்ணை படியேறி வந்துவிட்டார். "தம்பியவை, கோவிக்காதேங்கோ, போத்தல் எல்லாம் ஆடுது." அவர் சொன்னது பொய்யில்லை, நாங்களே இறங்கிப் போய்ப் பார்த்தோம். சிரப் போத்தல்கள் தட்டில் ஒன்றோடொன்று முட்டிக் கிணுகிணுத்தன.

மத்தளத்துக்கு மேல் துணி போட்டு, எல்லாரையும் நிலத்தில் இருத்திப் பாடச் சொன்னோம். அரை மணித்தியாலம் பாடிவிட்டு அண்ணாவியார் எழும்பினார். "இருந்துகொண்டு பாடினா அது கூத்தில்லைத் தம்பி, பஜனை." பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். அவர் வாங்கவில்லை. "இடம் எடுத்தாப் பிறகு சொல்லுங்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

வேறு காரணங்களும் உண்டு. எட்டடிக் காட்சித் தட்டி படியில் திரும்பாது. காயப்போட்ட ரீசேட்டுகளுக்குக் கீழே குனிந்துதான் கமராவைத் தூக்கவேண்டும். ஆனால் உண்மையில் அன்றைக்குத்தான் முடிவெடுத்தோம்.

ஏன் நெல் ஸ்ரோர்? புதுக் கட்டடம் பார்க்கவில்லையா?

பார்த்தோம். றோட்டுக்கரையில் புதிதாகக் கட்டும் கடைத்தொகுதிகள் எல்லாம் பத்தடி முகப்பு, ஒன்பதடி உயரம். கண்ணாடிக் கதவு அழகுதான், அதற்குள் மத்தளம் அடித்தால் திரும்ப அதே கதைதான்.

வன்னியில் தொழில் இடம் என்றால் முதியவர்களுக்கு உடனே ஞாபகம் வருவது பரந்தனின் இரசாயனத் தொழிற்சாலை, ஒட்டுசுட்டானின் ஓட்டுத் தொழிற்சாலை, ஆனையிறவின் உப்பளம். காஸ்டிக் சோடாவும் குளோரினும் செய்த பரந்தன் தொழிற்சாலை யுத்தத்தோடு நின்றுபோனது. அந்த அளவுக் கட்டடங்கள் எங்கள் கைக்கு எட்டாதவை. எட்டியவை இரண்டு வகை: சங்கங்களின் பழைய களஞ்சியங்கள், தனியாரின் மில் ஸ்ரோர்கள்.

நெல் ஸ்ரோரில் மூன்று நல்ல குணம் உண்டு. ஒன்று, தரை நிலத்திலிருந்து உயர்ந்திருக்கும். மூட்டையை நேரே லொறித் தட்டுக்குத் தள்ளுவதற்காக அப்படிக் கட்டியது. 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்து வெள்ளம் வந்தபோது எங்கள் ஸ்ரோருக்குள் தண்ணீர் ஏறவில்லை என்று மில் ஐயா சொன்னார். நாங்கள் அதை நம்பாமல் பக்கத்து வீட்டு அம்மாவிடமும் கேட்டோம். அவர் தன் வீட்டுச் சுவரில் தண்ணீர் நின்ற கோட்டைக் காட்டினார். அந்தக் கோடு எங்கள் படியின் இரண்டாவது கட்டோடு சரி. இப்படிக் கேட்பதை வெட்கமாக நினைக்காதீர்கள். வீட்டுக்காரர் மறப்பார், சுவர் மறக்காது.

இரண்டாவது, நடுவில் தூண் இல்லை. மூன்றாவது, உயரம். எங்கள் ஸ்ரோர் 60க்கு 30 அடி, முகடு சராசரியாய் 18 அடி.

நான்காவது குணம் ஒன்று தற்செயலாய்க் கிடைத்தது. சாவி வாங்கிய முதல்நாள் காலை, கதவை உள்ளே சாத்திவிட்டு டோர்ச்சோடு நின்றோம். கதவுத் தகரத்தில் ஒரு ஆணி ஓட்டை. எதிர்ச் சுவரில் ஒரு தென்னைமரம் தலைகீழாய் ஆடிக்கொண்டு நின்றது. கொஞ்ச நேரத்தில் ஒரு லொறி, சக்கரம் மேலே இருக்க, சுவரில் வலமிருந்து இடமாய் ஓடியது. கமரா கண்டுபிடிக்க முன்னமே மனிதருக்குத் தெரிந்த இருட்டறை வித்தை அது. வீடியோ எடுத்துப் பிழைக்கும் ஆட்கள் நாங்கள், வாயைப் பிளந்துகொண்டு நின்றோம். அந்த ஓட்டையை இன்னும் அடைக்கவில்லை. ஒரு துண்டு ரேப் ஒட்டியிருக்கிறது, பிள்ளைகள் வந்தால் கழற்றிக் காட்டுவோம்.

காணி என்ன காணி? அதை ஏன் முதலில் பார்க்கச் சொல்கிறீர்கள்?

இந்தப் பக்கத்தில் எதையும் வாசிக்காவிட்டாலும் இதை வாசியுங்கள்.

வன்னியில் பெரும்பகுதி குடியேற்றத் திட்டக் காணி. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பெர்மிட்டில் கொடுத்தவை. பெர்மிட் உள்ளவர் அங்கே இருக்கலாம், பயிர் செய்யலாம். தன் எண்ணத்துக்கு அதை விற்கவோ குத்தகைக்கு விடவோ முடியாது, பிரதேச செயலாளரின் அனுமதி வேண்டும். கட்டடம் எவ்வளவு நல்லதானாலும், காணி பெர்மிட் என்றால் உங்களுக்கு வாடகைக்குத் தருபவருக்கே அதைத் தரும் உரிமை இல்லாமல் இருக்கலாம். நீங்கள் சுவர் எழுப்பி, வயர் இழுத்து, ஒரு வருடம் கழித்துக் குடும்பத்துக்குள் ஒரு முறைப்பாடு கிளம்பினால் போதும், முழுக் காசும் மண்ணில்.

நாங்கள் முதலில் பேசிய ஸ்ரோர் இப்படித்தான் கைநழுவியது. கட்டடம் இதைவிடத் திறம். பெர்மிட் அப்பாவின் பெயரில், அப்பா இல்லை, பின்னுரித்து யாருக்கு என்பதில் சகோதரர்களுக்குள் இழுபறி. முற்பணம் கொடுக்க இரண்டு நாள் இருக்கும்போது கிராம சேவையாளர் சொல்லித்தான் தெரிந்தது.

ஆகவே உறுதிக் காணியா (தனியார் சொத்து), பெர்மிட்டா, கிராண்டா (அரசு அளிப்புப் பத்திரம்) என்று கேளுங்கள். வாய்ச்சொல்லை விட்டுவிட்டுக் கடதாசியைப் பாருங்கள். பிறகு கிராம சேவையாளரிடமும் பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவிலும் ஒருமுறை விசாரியுங்கள். கட்டடம் வயல் நிலத்தை நிரப்பிக் கட்டியது என்றால் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் அனுமதி எடுத்ததா என்றும் கேளுங்கள்.

ஒப்பந்தம் வாய்ப்பேச்சில் போதாதா? எல்லாரும் தெரிந்த ஆட்கள்தானே.

தெரிந்த ஆட்கள் என்பதால்தான் எழுதவேண்டும். சட்டமும் அதைத்தான் சொல்கிறது: 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னால், இரண்டு சாட்சியோடு முடிக்கப்படவேண்டும். கடையில் வாங்கிய படிவத்தில் முத்திரை ஒட்டிக் கையெழுத்து வைத்தால் மனம் ஆறும், வழக்கில் நிற்காது.

எங்கள் ஒப்பந்தத்தில் சண்டை பிடித்துச் சேர்த்த வரிகள்: ஐந்து வருடம். கூரை ஒழுகினால் செலவு யாருடையது. நாங்கள் கட்டும் உள்ளறையைப் போகும்போது கழற்றிக்கொண்டு போகலாமா. முக்கியமாக, அறுவடை வந்தாலும் ஸ்ரோரைத் திருப்பிக் கேட்பதில்லை. மில் ஐயா இந்தக் கடைசி வரிக்குச் சிரித்தார். ஆனால் முதல் வருடமே மாசி மாதத்தில் வந்து, "தம்பி, ஒரு மூலையில ஐம்பது மூட்டை அடுக்கட்டோ?" என்று கேட்டார். வரி எழுதியிருந்தது என்பதால் எங்களுக்கு இல்லை என்று சொல்ல லேசாயிருந்தது. அவருக்கும் கோபமில்லை, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்.

என்னென்ன அனுமதி எடுக்கவேண்டும்?

வியாபாரப் பெயர்ப் பதிவில் முகவரி மாற்றம். பிரதேச சபையின் வியாபார அனுமதிப்பத்திரம், வருடா வருடம் புதுப்பிக்கவேண்டும். எங்களுக்கு அது கரைச்சி பிரதேச சபை. சாயமும் கரைப்பானும் பாவிக்கும் தொழில் என்றால் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் தேவையா என்று சபையிலேயே கேளுங்கள். சிறிய தொழில்களுக்கான உரிமத்தை உள்ளூராட்சி சபையே கொடுக்கும், பெரியதற்கு மத்திய சுற்றாடல் அதிகார சபை. போட்டோக் கொப்பி கூடுதலாய் எடுத்துக்கொண்டு போங்கள். அவ்வளவுதான்.

மில் என்றால் கரண்ட் பிரச்சினை இருக்காதுதானே?

அப்படித்தான் நாங்களும் நினைத்தோம். மில்லுக்கு மூன்று பேஸ் இணைப்பு இருந்தது, ஆனால் வெட்டி வருடக்கணக்கு, நிலுவையும் இருந்தது. சாவி வாங்குமுன் மீற்றர் யார் பெயரில், எவ்வளவு நிலுவை என்று மின்சார சபையில் கேட்டுவிடுங்கள். 30 அம்பியர் மூன்று பேஸ் என்றால் ஏறக்குறைய 20 கேவிஏ. இரண்டு ஏசி, ரீசேட் அழுத்தும் மெஷின், உலர்த்தி, லைற்றுகள், கணினிகள் எல்லாம் ஒன்றாய் ஓடினாலும் எங்களுக்கு அது தாராளம். மூன்று பேஸிலும் சுமையைச் சமனாய்ப் பிரிப்பதுதான் முக்கியம். பதிவு அறைக்கு ஒரு பேஸைத் தனியாய் ஒதுக்கியிருக்கிறோம்.

நில இணைப்பைப் பற்றி ஒரு கதை. முதல் மாதம், பாடவந்த ஒரு தங்கச்சி மைக்குக்கு முகத்தைக் கொடுத்தவுடன் பின்னுக்குத் துள்ளினார். "அண்ணா, சொண்டில எறும்பு கடிச்ச மாதிரி இருக்கு." சோதனைப் பென்சிலை வைத்தால் மைக்கின் உடம்பு எரிகிறது. வயரிங் செய்தவர் பிளக் எல்லாவற்றுக்கும் பச்சை வயர் இழுத்திருந்தார், போட் வரைக்கும் ஒழுங்காய் வந்திருந்தது. போட்டிலிருந்து நிலத்துக்குப் போகும் கம்பியைத்தான் பூட்டவில்லை. ஒரு அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. அன்றைக்கு அந்தப் பிள்ளைக்கு எதுவும் ஆகாதது எங்கள் அதிர்ஷ்டம். இப்போது, கசிவு வந்தால் கரண்டை வெட்டும் 30 மில்லி அம்பியர் ரிப் சுவிச் போட்டிருக்கிறோம், மாதம் ஒருமுறை அதன் பொத்தானை அழுத்திப் பார்க்கிறோம். இன்னொன்று: ஆடி, ஆவணியில் இந்த நிலம் பாளமாய் வெடிக்கும், காய்ந்த மண்ணில் நிலக்கம்பி சரியாய் வேலை செய்யாது. கம்பியை ஏசித் தண்ணீர் சொட்டும் இடத்தில் இறக்கியிருக்கிறோம்.

அறுவடைக் காலத்தில் பக்கத்து மில்லின் மோட்டார் கிளம்பும்போதெல்லாம் எங்கள் லைற் ஒருதரம் கண்ணடிக்கும். கணினிகளுக்கு யூபிஎஸ் போட்டோம். மலிவான எல்ஈடி லைற் வீடியோவில் பட்டைபட்டையாய்த் துடித்தால் ஷட்டரை 50இல் ஒன்று அல்லது 100இல் ஒன்றில் வையுங்கள். எங்கள் கரண்ட் செக்கனுக்கு 50 சுற்று, அதோடு ஒத்துப்போகும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் இருந்ததை மறக்காதவர்கள் என்பதால் ஒரு சிறிய ஜெனரேற்றரும் இருக்கிறது. அதைப் பின்வளவில் தூரமாய் வைத்திருக்கிறோம். உள்ளே வைத்தால் சத்தத்தைவிடப் புகைதான் ஆபத்து.

அந்தக் கூரைக்குக் கீழே வெயிலில் எப்படி இருக்கிறீர்கள்?

சித்திரையில் பின்னேரம் இரண்டு மணிக்கு அங்கே நின்றால் நெல் அவியும். பாதிக் கூரை தகரம், பாதி பழைய அஸ்பெஸ்ரஸ் சீற். சீற்றைக் கழற்றிவிட்டுத் தகரம் போடலாம் என்று ஏணியோடு நின்றோம். பிறகு வாசித்துப் பார்த்துவிட்டு ஏணியை இறக்கினோம். உடையாத சீற் அவ்வளவு கெடுதல் செய்யாது. அதைக் காய்ந்தபடி துளைத்து, உரசி, உடைத்து எறிந்தால்தான் கண்ணுக்குத் தெரியாத தூள் நுரையீரலுக்குள் போகும். இலங்கையில் நீல அஸ்பெஸ்ரஸ் 1987இலேயே தடை. கூரைச் சீற்றில் இருப்பது வெள்ளை, அதுவும் புற்றுநோய் தரும் பொருள்தான். ஆகவே சீற்றை அப்படியே விட்டுவிட்டு, அதன் கீழே தனிச் சட்டம் அடித்து, வெள்ளித்தாள் ஒட்டிய காப்புத் தாளையும் பலகையையும் தொங்கவிட்டோம். முகட்டில் இருந்த பழைய காற்றுத் திறப்பை மில்லுக்காரர்கள் சாக்கால் அடைத்திருந்தார்கள். அதைத் திறந்ததும் வந்த வித்தியாசம் காப்புத் தாளைவிடக் கூட. நெல்லுக்கும் காற்று வேண்டும் என்று கட்டியவர் தெரிந்துதான் வைத்திருக்கிறார்.

மழைச் சத்தத்துக்குள் எப்படிப் பதிவு?

பெரிய மண்டபத்தில் முடியாது. ஐப்பசியிலிருந்து மார்கழி வரைக்கும் மண்டபப் பதிவுக்கு நாள் குறிப்பதில்லை. உள்ளறையில் மட்டும் வேலை.

உள்ளறை, உள்ளறை என்கிறீர்களே, அது என்ன?

ஸ்ரோருக்குள் ஒரு சின்ன வீடு. பத்துக்குப் பன்னிரண்டு அடி, ஆறு அங்குலச் சீமெந்துக் கல் சுவர், பாரமான பலகை முகடு. வெளிச்சுவரோடு எங்கேயும் தொடாது. தரைக்கும் அறைக்கும் இடையில் தடித்த றப்பர் போட்டு மேலே பலகை. சத்தத்தைத் தடுப்பது மூன்று விடயம்: பாரம், தொடாமை, காற்றுப் புகாமை. கதவுக்குக் கீழே ஒரு விரல் இடைவெளி இருந்தால் சுவருக்குச் செலவழித்தது வீண். எங்கள் கதவை நான்கு தரம் கழற்றிப் பூட்டினோம்.

முட்டைத் தட்டு ஒட்டலாமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். ஒட்டாதீர்கள். அது சத்தத்தைத் தடுக்காது, உள்ளே எதிரொலியையும் மேலோட்டமாய்த்தான் குறைக்கும். தீப்பெட்டிக்கு மட்டும் நன்றாய் உதவும்.

மண்டபத்தின் கதை வேறு. முதல்நாள் கை தட்டினோம், சத்தம் முகட்டுக்குப் போய், திரும்பி வந்து, இன்னும் ஒருதரம் சுற்றிவிட்டுத்தான் அடங்கியது. வலஸ் சாபின் என்ற அமெரிக்கப் பேராசிரியர் நூறு வருடத்துக்கு முன்னமே இதற்கு ஒரு கணக்குச் சொல்லிவிட்டார்: மண்டபத்தின் கனவளவை 0.161ஆல் பெருக்கி, சத்தத்தை உறிஞ்சும் பரப்பால் வகுத்தால், ஒலி அடங்க எத்தனை வினாடி என்று வரும். எங்கள் ஸ்ரோர் ஏறக்குறைய 917 கனமீற்றர். வெறும் சீமெந்தும் தகரமும் உறிஞ்சுவது 25 சதுரமீற்றருக்குச் சமன். வகுத்துப் பார்த்தால் ஆறு வினாடி! அதற்குள் கூத்து வசனம் பேசினால் ஒரு சொல்லின் வால் அடுத்த சொல்லின் தலையை மிதிக்கும்.

தும்பு மெத்தைகளைச் சாக்கால் உறை போட்டு, சுவரிலிருந்து நான்கு அங்குலம் தள்ளித் தொங்கவிட்டோம். மொத்தம் 60 சதுரமீற்றர். கணக்குப்படி ஏறக்குறைய இரண்டு வினாடிக்கு இறங்கவேண்டும், காதுக்கும் அப்படித்தான் படுகிறது. மத்தளத்துக்கு இந்த இரண்டு வினாடி வேண்டும். கூத்து வெளியில், களரியில் ஆடுவது. எதிரொலியே இல்லாத செத்த அறைக்குள் அதைப் பதிந்தால் மத்தளம் மேசையில் தட்டுவதுபோல இருக்கும். சுவர்களில் பனையோலைப் பாயும் தொங்குகிறது. அது அழகுக்கு. ஒலிக்கு அதனால் பெரிய பிரயோசனம் இல்லை.

உமி மூட்டை மலிவுதானே, அதைச் சுவருக்குள் அடைக்கலாமா?

அடைத்தோம். பக்கத்து மில்லில் உமி சும்மா கிடைத்தது. ஒலி நன்றாய்த்தான் அடங்கியது. மூன்றாம் கிழமை ஒரு விளம்பரத்துக்குக் குரல் பதிகிறோம், ஹெட்போனில் யாரோ மெல்லச் சிரிப்பதுபோல ஒரு சத்தம். பாடகரைப் பார்த்தோம், அவர் வாயை மூடிக்கொண்டு நிற்கிறார். சுவரில் காதை வைத்தால் உள்ளே எலிக் குடும்பம். உமிக்குள் எப்படியும் கொஞ்சம் நெல் இருக்கும், நாற்பது வருடம் நெல் இருந்த கட்டடத்தின் எலிக்கு அது சொல்லித் தெரியவேண்டியதில்லை. எல்லாவற்றையும் இழுத்து வெளியே போட்டோம். இப்போது ஸ்ரோரில் ஒரு பூனை சம்பளமில்லாமல் வேலை பார்க்கிறது.

தூசி?

மில் தூசி இலேசில் போகாது. உத்தரங்களின் மேல் விரல் தடிப்புக்கு உமித்தூள் இருந்தது. கூட்டினால் கிளம்பி மறுநாள் இறங்கும், உறிஞ்சும் மெஷினும் ஈரத்துணியும்தான் வழி. ஒரு கிழமை, நான்கு பேர், முகமூடியோடு. பிறகு தரைக்குப் பூச்சு. வைகாசியிலிருந்து கச்சான் காற்று வேறு (முறிகண்டியில் வாங்கிச் சாப்பிடும் கச்சானை நினைக்காதீர்கள், இது வாய்க்குள் மண்ணைத்தான் போடும்). அந்த மாதங்களில் மண்டபத்தில் லென்ஸ் மாற்றுவதில்லை. மாரியில் அதற்கு எதிர்ப் பிரச்சினை, லென்ஸில் பூஞ்சணம். காற்றுப் புகாத பெட்டிக்குள் சிலிக்கா ஜெல்லும் ஈரமானியும் வைத்து, 45 வீதத்துக்குக் கிட்ட வைத்திருக்கிறோம்.

ஸ்கிரீன் பிரின்ற் பகுதிக்குத் தண்ணீர் எப்படி?

கிணறு இருக்கிறது, ஆனால் சுண்ணாம்புத் தண்ணீர். ஸ்கிரீனைக் கழுவிக் காயவைத்தால் வலைக்கண்ணில் வெள்ளைப் படலம். கடைசிக் கழுவலுக்கு மட்டும் மழைத்தண்ணீர்த் தொட்டியிலிருந்து எடுக்கிறோம். கழுவின தண்ணீரை வாய்க்காலில் விடவேண்டாம். எங்கள் வேலிக்கு அடுத்தது வயல், வயல்காரர் எங்களுக்கு அரிசி தருபவர். மூன்று தொட்டியில் மாறி மாறி அடையவிட்டு, அடியில் நிற்கும் சாயத்தை வழித்துக் காயவைத்துத் தனியாய் ஒதுக்குகிறோம். இயன்றவரை தண்ணீரில் கரையும் சாயம்தான். பிளாஸ்ரிசோல் என்ற பிளாஸ்ரிக் சாயம் கேட்டு வருபவர்களுக்கு மட்டும் அது, அதைச் சரியாய் இறுக்க 160 பாகை வெப்பம் வேண்டும். அஸ்தமித்த பிறகுதான் ஸ்கிரீனுக்கு மருந்து பூசுகிறோம். பகலில் கூரையின் ஆணி ஓட்டைகளால் விழும் வெயில் பொட்டுகள் பூசின ஸ்கிரீனில் புள்ளி புள்ளியாய்ப் படம் எழுதிவிட்டன.

பின்வளவைத் துப்புரவாக்கும்போது என்ன கவனிக்கவேண்டும்?

வன்னியில் இதைச் சொல்லாமல் விடமுடியாது. பற்றை வெட்டினாலும் குழி வெட்டினாலும் துருப்பிடித்த உலோகம் எதையாவது கண்டால் தொடாதீர்கள், மண்வெட்டியால் தட்டிப் பார்க்காதீர்கள், தூக்கி வேலிக்கு அப்பால் எறியாதீர்கள். வந்த வழியால் திரும்பி, ஒரு கம்பில் துணி கட்டி அடையாளம் வைத்து, மற்ற ஆட்களைத் தள்ளி நிறுத்தி, பொலிஸுக்கு 119 எடுங்கள், கிராம சேவையாளருக்கும் சொல்லுங்கள். கண்ணிவெடி அகற்றி முடிந்த இடம் என்றாலும் இதே முறைதான். எங்கள் வளவில் வந்தது ஒரு பழைய மில் புலி, அதாவது பட்டி ஓடும் சக்கரம். அரை நாள் வேலை நின்றது, வந்த பொலிஸ்காரரும் சிரித்தார். பரவாயில்லை.

தீ?

2016 செப்டெம்பரில் கிளிநொச்சிச் சந்தை எரிந்த இரவு, தீயணைப்பு வண்டி யாழ்ப்பாணத்திலிருந்து வரவேண்டியிருந்தது. அந்தக் காட்சியைப் பார்த்தவர்கள் எங்களில் இரண்டு பேர். கரைப்பானுக்கு வெளியே தனி அலுமாரி, கரண்ட் தீக்கு சீஓ2 சிலிண்டர், மற்றதுக்குத் தூள் சிலிண்டர், இரண்டு பக்கமும் உள்ளிருந்து தள்ளித் திறக்கும் கதவு.

இடம் மாற எந்த மாதம் நல்லது?

வைகாசி, ஆனி. மழை இல்லை, கூரை வேலை ஓடும். தையிலிருந்து பங்குனி வரை பெரும்போக அறுவடை: லொறி கிடைக்காது, லான்ட்மாஸ்ரர் (இரண்டு சக்கர உழவு மெஷின்) கிடைக்காது, கூலிக்கு ஆள் கிடைக்காது, கிடைத்தாலும் விலை வேறு. ஆவணி, புரட்டாதியில் சிறுபோக அறுவடை, அப்போதும் கொஞ்சம் கஷ்டம். ஸ்ரோர் பேரம் பேசுவதற்கு நல்ல நேரம் அறுவடை முடிந்து நெல் விற்றுப்போய்க் கட்டடம் வெறுமையாய்க் கிடக்கும் நாட்கள். மாசியில் கேட்டால் எந்த மில்லுக்காரரும் உங்களை ஏறெடுத்தும் பார்க்கமாட்டார்.

எவ்வளவு செலவு?

தொகை சொன்னால் அடுத்த வருடம் பிழையாகிவிடும், விகிதம் சொல்கிறோம். பத்து ரூபாய் செலவழித்தோம் என்றால் நான்கு ரூபாய் கூரைக்கும் காப்புக்கும், இரண்டரை கரண்டுக்கு, இரண்டு உள்ளறைக்கு, அரை ரூபாய் கடதாசி வேலைக்கு, மிச்சம் ஒரு ரூபாய் ஏற்றியிறக்கலுக்கும் வண்ணத்துக்கும் தேத்தண்ணிக்கும். புதிதாய் ஒரு கமராவோ மைக்கோ வாங்கவில்லை. புதுக் கமராவோடு ஒழுகும் ஸ்ரோருக்குள் போன ஒரு குழுவை எங்களுக்குத் தெரியும். அவர்கள் முதலில் விற்றது அந்தக் கமராவைத்தான்.

பிள்ளைகள் வந்து வேலை பழகலாமா?

சனிக்கிழமை காலையில் வரலாம். கட்டணம் இல்லை. தரை கூட்டவேண்டும். அறிவியல் நகர்ப் பொறியியல் பீடத்து மாணவர்கள் சிலர் ஒலி அளக்க வந்திருக்கிறார்கள், அவர்களும் கூட்டினார்கள்.

கூத்து ஒத்திகைக்கு இடம் தருவீர்களா?

வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலை ஒட்டிய கிழமைகளில் நாங்களும் அங்கேதான் நிற்போம், அந்த நாட்களில் ஸ்ரோர் பூட்டு. மற்ற நாட்களில் இரவு பத்து மணி வரைக்கும் தருவோம். கரண்ட் காசு மட்டும்.

பழைய மில் பெயர்ப்பலகையை ஏன் இன்னும் கழற்றவில்லை?

கழற்ற ஏணி வைத்தோம், மில் ஐயா ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டு நின்றார். ஏணியை எடுத்துவிட்டோம். அதனால் அறுவடை நேரத்தில் இன்னும் நெல்லோடு ஆட்கள் வருகிறார்கள்.

இந்த மாசியில் அண்ணாவியார் தன் ஆட்களோடு திரும்ப வந்தார். மண்டபத்தின் நடுவில் வட்டமாய் ஆடிக்கொண்டே பாடினார்கள், காற்றுக்காகப் பெரிய கதவு திறந்திருந்தது. கோவலன் சிலம்பை எடுத்துக்கொண்டு மதுரைக்கு வெளிக்கிடும் இடத்தில் வாசலில் ஒரு லான்ட்மாஸ்ரர் வந்து நின்று ஹோர்ன் அடித்தது. நான்கு மூட்டையோடு ஒரு ஐயா. "இஞ்ச குத்திறேல்லையோ?" என்று கேட்டார். அடுத்த மில்லைக் காட்டினோம். அவர் இஞ்சினை நிறுத்திவிட்டு, மூட்டைக்கு மேலேயே இருந்து பாட்டு முடியும் வரைக்கும் கேட்டார். இரண்டாம் முறை பதியலாம் என்றோம், அண்ணாவியார் வேண்டாம் என்றார். அந்த ஹோர்ன் சத்தம் பதிவில் அப்படியே இருக்கிறது.